விரும்பினால் மட்டும்

என் அத்தான் ஃபிரிட்ஜ் கம்பெனி சர்வீஸ் சென்டரில் புகார் மேசையைப் பார்த்துக்கொள்பவர். வருகிறவர்களை வாரண்டி அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டியே திருப்பி அனுப்புவது அவருக்குக் கைவந்த கலை. கதவு கழன்று கையோடு வந்தாலும் "கதவு வாரண்டில வராதுங்க" என்பார். இந்தத் திறமைக்கு இரண்டு முறை பதவி உயர்வு வேறு.

ஞாயிறு மதியம் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் பகடை உருட்டி ஒரு கதை விளையாட்டு விளையாடுவோம். கதை சொல்வது நான். பூதம், பேய் எல்லாம் என் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதுவாகவே மாறி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். பாத்திரம் செத்தால் செத்ததுதான், திரும்பி வராது. அக்காவுடையது ஒரு வைத்தியச்சி. சமையலுக்கும் துணி மடிப்புக்கும் நடுவே அவளுக்கென்று இருந்தது அந்த ஒருத்திதான். பொத்திப் பொத்தி வளர்த்திருந்தாள். அத்தானும், கீழ்வீட்டுத் தையல்காரரும், அவருடைய வேன் டிரைவர் தம்பியும் கேடயம் ஏந்திய வீரர்கள். அத்தான் வீரர் என்பதை நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும்.

விதிப் புத்தகத்தில் ஒரு விருப்ப விதி உண்டு. பக்கத்தில் நிற்பவர்மேல் விழும் அடியை, கேடயம் வைத்திருப்பவர் விரும்பினால் தன்மேல் வாங்கிக்கொள்ளலாம். அதைச் சேர்க்கச் சொல்லி அத்தான் என் உயிரை எடுத்தார்.

"குடும்பமா விளையாடுறோம். ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்த வேண்டாமா மாப்ள?"

அக்காவுக்கு ஒரே பூரிப்பு. அந்த நம்பிக்கையில் வைத்தியச்சியைப் பின்வரிசையிலிருந்து கொண்டுவந்து அவர் பக்கத்தில் நிறுத்தினாள். பக்கத்திலேயே இருந்தால் தன் காயத்துக்கு உடனுக்குடன் மருந்து கிடைக்குமே என்பதுதான் இந்த மனுஷனின் கணக்கு.

கல்பூதம் கையை ஓங்கியது. பகடை உருட்டினேன். அடி வைத்தியச்சிக்கு, அவள் தாங்கமாட்டாள்.

"அத்தான், நீங்க வாங்கிக்கிறீங்கல்ல?"

அவர் புத்தகத்தை எடுத்துக் கண்ணருகே வைத்துக்கொண்டார். "விரும்பினால்னுதான போட்டிருக்கு. கட்டாயம்னு இல்லையே."

"நான் செத்துடுவேங்க," என்றாள் அக்கா.

"வேற ஒண்ணு புதுசா போட்டுக்கலாம்மா. என் ஆளு இப்பத்தான் நல்ல கவசம் வாங்கியிருக்கான்."

காகிதத்தில் இருக்கும் ஆளுக்குக் கூட ஒரு கீறல் விழக் கூடாதாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா வைத்தியச்சியின் தாளை நாலாக மடித்து டம்ளருக்கு அடியில் வைத்தாள்.

அடுத்த அடிக்கு உருட்டினேன். இந்த முறை அத்தானுக்கு! கவசத்தையும் பிளக்கும் அடி. மருந்து போடவும் இனி ஆளில்லை. அவர் இடப்பக்கம் திரும்பினார்.

"சார், கொஞ்சம் வாங்கிக்கங்க சார்."

தையல்காரர் அக்காவை ஒருமுறை பார்த்தார். "கட்டாயம் இல்லைன்னு இப்பத்தான சொன்னீங்க?"

டிரைவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தானுக்கு வேர்த்துவிட்டது.

"ஏம்மா, நீயாவது இவங்ககிட்டச் சொல்லேன்!"

அக்கா டம்ளர்களை அடுக்கிக்கொண்டே எழுந்தாள்.

"நான்தான் செத்துட்டேனே."