வெட்டியதெல்லாம் முளைத்தது

நேற்று என் மகள் மைக்செட் குழாய் போல விரிந்த ஊதாப்பூ ஒன்றைப் பறித்து வந்தாள். அதன் காம்பிலிருந்து வடிந்த பால் என் விரலில் பிசுபிசுத்ததும், காமயகவுண்டன்பட்டி வயலில் அத்தாவோடு, அதாவது என் அப்பாவோடு, நின்ற ஒரு காலைப்பொழுது நினைவுக்கு வந்தது, பிள்ளைகளே.

எங்கள் வயல் வாய்க்காலின் கடைசியில் இருந்தது. அந்த ஊதாப்பூவின் செடியான நெய்வேலிக் காட்டாமணக்கு புதராக அடைத்துக்கொண்டதால் தண்ணீர் வரவில்லை. நானும் அத்தாவும் இரண்டு நாள் அதை வெட்டி, துண்டு துண்டாக நறுக்கிக் கரையில் போட்டோம். தண்ணீர் வந்தது.

பிறகு மழை பெய்தது. கிடந்த ஒவ்வொரு துண்டும் கணுவில் வேர்விட்டு வாய்க்காலுக்குள் இறங்கியது. அடுத்த வயல் பேச்சியம்மா அத்தை எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏண்ணே, வெட்டுனீகளா, நட்டீகளா?"

அத்தா சிரிக்கவில்லை. "சக்கரவள்ளிக் கொடியத் துண்டு போட்டுத்தானே தங்கச்சி நடுறோம்? இதுவும் அதே மாதிரிப் பூதான். வருசா வருசம் பாத்தும் புத்திக்கு எட்டலையே."

இரண்டும் ஒரே குடும்பம் என்று பின்னாளில் படித்தேன். எந்தக் காலத்திலோ ஒரே முன்னோரிடமிருந்து பிரிந்தவை. ஒன்று வேரில் நமக்குக் கிழங்கு வைத்தது. மற்றது பாலில் விஷம் வைத்துக்கொண்டது. துண்டிலிருந்து எழும் திறமையை மட்டும் இரண்டுமே விடவில்லை.

எரித்துப் பார்த்தோம். பச்சைத் தண்டு புகைந்ததே தவிர எரியவில்லை. வாய்க்கால் மறுபடி அடைத்து, கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் நெல்லுக்குத் தண்ணீர் நின்றுபோனது.

"வெட்டுவமா அத்தா?" என்று அந்தக் காலையில் கேட்டேன்.

அவர் அரிவாளோடு வாய்க்காலில் இறங்கினார். ஒரு தண்டைப் பிடித்தார். வெட்டவும் முடியாமல், விடவும் முடியாமல் அப்படியே நின்றார்.