நாற்பது வினாடிக் கார்

பாலத்தைத் தாண்டியதும் வரும் பெரிய சிக்னலில் சிவப்பு விழுந்தால் மற்ற பேருந்து ஓட்டுநர்கள் அலுத்துக்கொள்வார்கள். அவளோ பச்சை விழுந்தால் அலுத்துக்கொள்வாள். ஒன்பது வருடமாக அதே வழித்தடம், அதே பேருந்து. அங்கே சிவப்பு என்றால் நாற்பது வினாடி நிற்கலாம். ஓட்டுநர் இருக்கையின் உயரத்தில் உட்கார்ந்து சன்னல் பக்கம் தலையைத் திருப்பினால், எதிர்ச்சாரியில் ஒரு மதிலுக்கு மேலாக அந்தக் கார் தெரியும்.

ஒரு காலத்தில் கடல்பச்சையாக இருந்திருக்கும். இப்போது துவைத்துத் துவைத்து நைந்த துணியின் நிறம். பின்பக்கம் மீன்துடுப்பு போல எழும்பி, அதன் நுனியில் கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒரு சிவப்பு விளக்கு. அவள் முதன்முதலில் பார்த்தபோது முன்சக்கரத்துக்கு மேலே காசளவு துரு இருந்தது. ஒன்பது மழைக்காலத்தில் அது உள்ளங்கை அளவுக்குப் படர்ந்துவிட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் பிள்ளைகள் வளர்வதைச் சொல்லிப் பூரிக்கும்போது, இவளுக்கு அந்தத் துருதான் நினைவுக்கு வரும்.

அந்த நாற்பது வினாடியும் அவள் அந்தக் காருக்குள்தான் இருப்பாள். பேருந்தில் இருந்த அத்தனை பேரும் இறங்கிப் போயிருப்பார்கள். மணியடித்து நிறுத்தச் சொல்ல ஆளில்லை. தண்ணீரை ஒட்டியே ஒரு சாலை முடிவில்லாமல் போகும். பக்கத்து இருக்கையில் அவள் கணவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டு வருவார். கனவில்கூட அந்த மனிதரைத் திருத்த முடியவில்லை.

இந்தப் பைத்தியத்துக்குத் துணை அவள் கொழுந்தன். வீட்டின் முன்கட்டிலேயே டிங்கரிங் பட்டறை வைத்து, நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்துகிறவன். விடுமுறை நாளில் இருவரும் மொட்டைமாடியில் நின்றுகொண்டு, தெருவில் போகும் வண்டியைச் சத்தத்தை வைத்தே இன்ன வருடத்து வண்டி என்று பந்தயம் கட்டுவார்கள். அந்தக் காரைப் பற்றி அவனிடம் அவள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள், அது நிற்கும் இடத்தைத் தவிர. சொன்னால் ஒரே வாரத்தில் ஒரு பணக்காரனைக் கூட்டிவந்து விலை பேசி முடித்துவிடுவான். ஆசையும் வியாபாரமும் அவனுக்கு ஒன்றுதான்.

கண்ணீர்த்துளி விளக்கு ஒரே ஒரு வருடம்தான் வந்தது என்று அவன் சொன்னான். ரெண்டு பக்கமும் இப்படியே முழுசா இருந்தா ஒரு வீடே வாங்கலாம் அண்ணி என்றான். ஒன்றை மட்டும் அவன் நம்பவில்லை. கார் முழுக்கத் துரு ஏறுகிறது, ஆனால் முன்விளக்கைச் சுற்றிய வளையம் மட்டும் புதுசாகப் பளபளக்கிறது என்று அவள் சொன்னபோது, காதுல பூ சுத்தாதீங்க என்று சிரித்துவிட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை டிப்போவில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். திங்கள் முதல் அவளுக்கு வேறு வழித்தடம், ஊரின் மறுகோடியில். அது முடியும் இடத்திலிருந்து வீட்டுக்கு ஐந்து நிமிட நடை என்று எல்லோரும் வாழ்த்தினார்கள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு துருப்பிடித்த காருக்காகவா என்று கேட்பார்களே என்று யாரிடமும் சொல்லவில்லை. போவதற்குள் ஒரே ஒரு முறை அந்தக் காரின் மறுபக்கத்தைப் பார்த்துவிட வேண்டும். ஒன்பது வருடமாக ஒரு பக்கத்தை மட்டுமே பார்த்திருக்கிறாள்.

ஞாயிறன்று பயணியாகப் பஸ்ஸில் போய் இறங்கினாள். தரையில் நின்றால் மதில் அவளைவிட ஒரு சாண் உயரம். ஒன்றும் தெரியவில்லை. இரண்டு தடவை கேட்டைத் தாண்டிப் போய்விட்டு, மூன்றாவது தடவை துணிந்து மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். உடுப்பெல்லாம் வெள்ளைத்தூள், கையில் ஒரு வரிசைப் பற்கள். பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவர். அவருக்குப் பின்னால் சன்னலோர மேசையில் நாலைந்து செட்டுகள் முகமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தன. ஏதோ விலாசம் கேட்பதுபோல ஆரம்பிக்கலாம் என்று ஒரு பொய்யை அவள் தயாராக வைத்திருந்தாள். அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று. அவர் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க," என்றார்.

ஏனென்று கேட்காமல் திரும்பினாள்.

"நீங்கதான். நானும் உங்கள ஒரு பக்கமாத்தான் பாத்திருக்கேன்."

காரைப் பார்க்கத்தான் வந்தேன் என்று அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரே வழிகாட்டிக்கொண்டு போனார், கொஞ்சம் தயக்கத்தோடுதான். கார் மதிலிலிருந்து தள்ளி, முற்றத்தின் நடுவில் நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மறுபக்கமே இல்லை. கதவுகள் இல்லை. சக்கரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் அடுக்கு. முன்விளக்கு இருந்த இடம் ஓட்டையாக இருந்தது. எஞ்சின் கிடந்த குழியில் புல் முளைத்திருந்தது. கூரை சாயாமல் இருக்க ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்திருந்தார்கள். அவள் பார்த்துப் பார்த்து உருகியதெல்லாம் பாதிக் காரைத்தான்.

அவர் தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் போலப் பேசினார். "எங்க அப்பா விட்டுட்டுப் போன வண்டி. எனக்கு ஓட்டக்கூடத் தெரியாது. பழைய பார்ட்ஸ் கேட்டு ஆளுங்க வருவாங்க. வீடு ஒழுகினப்போ கதவுங்க போச்சு. பொண்ணு படிப்புக்கு எஞ்சின் போச்சு. இந்தப் பக்கத்தையும்தான் கேட்டாங்க. தினமும் எட்டேகாலுக்கு ஒரு அம்மா பஸ்ல இருந்து பாக்கிறாங்க, அவங்க பாக்கிற பக்கத்துல கை வைக்க மாட்டேன்னுட்டேன்."

அவள் இந்தப் பக்கம் திரும்பி வந்து முன்விளக்கு வளையத்தை விரலால் தொட்டாள். வழுவழுவென்றிருந்தது. விரல் நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது.

"பல்லுக்குப் போடுற பாலிஷ்," என்றார் அவர் கூச்சத்தோடு. "காலைல மேசைல உக்காரதுக்கு முன்னாடி ஒரு தேய் தேய்ச்சிடுவேன். உண்மையச் சொன்னா எனக்கு இது வெறும் குப்பையாத்தான் இருந்திச்சு. நீங்க பாக்கிறீங்களேன்னுதான் நானும் பாக்க ஆரம்பிச்சேன்."

திங்களிலிருந்து வர மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். வார்த்தை நாக்குவரை வந்து திரும்பிப் போய்விட்டது. கேட் வரை வந்து வழியனுப்பியவர், நாளைக்கும் எட்டேகால்தானே என்று கேட்டார்.

"பஸ் எட்டேகாலுக்கு வந்துடும்," என்றாள்.

அன்று மாலை, காரைக் கிட்டத்தில் போய்ப் பார்த்துவந்ததை அவள் வாய்தவறிச் சொல்ல, கொழுந்தன் விடாமல் அவள் வாயைப் பிடுங்கினான். மறுபக்கம் எப்படி இருக்கிறது, அங்கேயும் அந்த விளக்கு முழுசாக இருக்கிறதா? இந்தப் பக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். அப்ப வீடுதான் அண்ணி என்று அவன் பட்டறையிலிருந்து கத்தினான்.

திங்கள் காலை அவளுடைய பேருந்தை ஓட்டப்போகும் புது ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தான். மீசையை முறுக்கிக்கொண்டு அவசரத்தில் இருந்தான். புது டூட்டிக்கு நேரமாகியும் அவள் படியிலேயே நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். ரெண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். இடது கண்ணாடி தானாகவே கீழே இறங்கும். பின்கதவை ரெண்டு தடவை அழுத்தணும். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

"அப்புறம், பாலம் தாண்டி பெரிய சிக்னல்ல சிவப்பு விழுந்தா, சன்னல் பக்கம் திரும்பி அந்த மதில் மேல பாருங்க."

"என்னக்கா இருக்கு அங்க?"

"ஒரு பழைய கார். சும்மா கண்ண மட்டும் திருப்பினா போதாது. அந்த வீட்டுல இருக்கிறவருக்குத் தெரியணும், தலையத் திருப்பிப் பாக்கணும்."

அவன் சிரித்துக்கொண்டே சன்னல் பக்கம் தலையைத் திருப்பிக் காட்டினான்.

"இன்னும் கொஞ்சம்," என்றாள்.