நான்கு பைட் குறைகிறது

கடைக்குப் போகும் லிஸ்டைக்கூடப் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுப்பாள் என்று சித்தப்பா சித்தியைக் கேலி செய்வார். சித்தி சிரிக்க மாட்டாள். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் அறையில் பதினோரு வருடமாக அவள் வேலையே அதுதான். யார் எந்தக் கோப்பைத் திறந்தார்கள், எதை மாற்றினார்கள் என்பதைக் கம்ப்யூட்டர் தானாகவே எழுதி வைத்துக்கொள்ளும். அந்தத் தணிக்கைப் பதிவை அப்படியே கண்ணால் வாசிக்க முடியாது. சித்தி எழுதிய மூன்று சின்ன புரோகிராம்களில் ஒன்று பதிவைப் படிக்கும், இன்னொன்று துண்டு துண்டாகப் பிரிக்கும், மூன்றாவது அந்தத் துண்டுகளை மனிதர் வாசிக்கிற மாதிரி அச்சிடும். அடியில் அவள் கையெழுத்து இருந்தால் நிர்வாகத்தில் மறுபேச்சு கிடையாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஒரு விசாரணை. ஒரு நோயாளியின் இரத்த வகையை யாரோ மாற்றியிருந்தார்கள். ரத்தம் ஏற்றுமுன் நர்ஸ் கவனித்ததால் உயிர் தப்பியது. போன வாரம் சித்தி கொடுத்த தாளில் இருந்தது லேபில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் பெயர். அவள் வேலை போவது ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

ஒன்பதரைக்கு அந்தப் பெண் சித்தியின் மேஜை முன் வந்து நின்றாள். மாற்றம் நடந்ததாகத் தாள் சொல்லும் நேரத்தில் தான் வார்டில் ஒரு குழந்தைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்ததாகவும், சொன்னால் நம்ப ஆளில்லை என்றும் சொன்னாள். அழவில்லை.

"அக்கா, நீங்க எதையும் ரெண்டு தடவ பாப்பீங்கன்னு சொல்வாங்க. என்னோடத எத்தன தடவ பாத்தீங்க?"

சித்தி அந்தத் தாளை மறுபடி எடுத்தாள். ஒரு தடவைதான் பார்த்திருந்தாள்.

ஒவ்வொரு பதிவும் தன் மொத்த நீளம் எத்தனை பைட் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடும். அந்தப் பெண் போனதும், தாளில் வந்திருந்த துண்டுகளின் நீளத்தைச் சித்தி பென்சிலால் எழுதிக் கூட்டினாள். பதிவு சொன்ன நீளத்தைவிட நான்கு பைட் குறைந்தது. மறுபடி கூட்டினாள். அதே நான்கு.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேலையில் சேர்ந்த புதிதில், வரிகள் தாளின் அகலத்துக்குள் அடங்காமல் மடிந்து விழும். பழைய மேலாளர் முகம் சுளித்தார். சித்தி அச்சிலிருந்து ஒரு கட்டத்தை எடுத்துவிட்டாள்: முதலில் உள்ளே நுழைந்தவர் யார் என்று நான்கு பைட்டில் சொல்லும் கட்டம். ஒருவர் தன் பெயரில் வந்து, பிறகு இன்னொருவர் பெயருக்கு மாறிக்கொண்டாலும் அது மட்டும் மாறாது. பெரும்பாலும் அதிலும், மாற்றியவர் யார் என்ற கட்டத்திலும் ஒரே பெயர்தான் வரும். எதற்கு இரண்டு தடவை என்று நினைத்திருந்தாள்.

பத்தே காலுக்கு இப்போதைய மேலாளர் போன் செய்து, போன வாரத் தாளையே கொண்டுவந்தால் போதும் என்றார். சரி என்றாள். அன்று புரோகிராமிலிருந்து எடுத்த வரியைத் திரும்ப எழுதினாள். இரண்டு முறை பிழை காட்டியது. பத்து ஐம்பதுக்கு அச்சு வந்தது. வரிகள் மடிந்து அசிங்கமாகத்தான் இருந்தன. மாற்றியவர் என்ற இடத்தில் லேப் பெண்ணின் பெயர். முதலில் நுழைந்தவர் என்ற இடத்தில் மேலாளரின் பெயர்.

விசாரணை அறையில் மேலாளர் கையை நீட்டினார். சித்தி தாளைத் தலைமை மருத்துவரிடம் கொடுத்தாள்.

"போன வாரம் குடுத்த பேப்பர்ல ஒரு கட்டம் இல்ல டாக்டர். நான்தான் எடுத்திருந்தேன்."

"எப்பலருந்து?"

"பதினோரு வருஷமா."

மேலாளர் தாளை எட்டிப் பார்த்தார். புது மென்பொருளைச் சோதிக்க அந்தப் பெண்ணின் பெயருக்கு மாறி ஏதோ தட்டியதாகவும், அது நிஜ நோயாளி என்று தெரியாது என்றும் முணுமுணுத்தார். மருத்துவர் சித்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தாள்களை வைத்து இதுவரை எத்தனை பேரை வேலையைவிட்டு அனுப்பியிருக்கிறோம் என்று கேட்டார். மூன்று பேர் என்றாள் சித்தி.

"மொதல்ல அந்த மூணையும் பாருங்க. உங்க விஷயத்த அப்புறம் பேசலாம்."

லேப் பெண் மதியமே வேலைக்குத் திரும்பினாள். சித்தியின் அறைப் பக்கம் வரவில்லை.

நாலு மணிக்குச் சித்தி அந்த மூவரில் முதலாமவரின் பதிவைப் புதிதாக அச்சிட்டாள். ஆறு வருடத்துக்கு முன் மருந்துக் கிடங்கு வேலையிலிருந்து அனுப்பப்பட்டவர். இரண்டு கட்டத்திலும் அவர் பெயரே இருந்தது. சித்தி கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு இரண்டாவது பதிவைக் கொடுத்தாள். பிரிண்டர் மெல்லத் தாளை உள்ளே இழுத்தது.