வெள்ளைப் பொட்டு வைத்த கரப்பான்

அவருக்கு மீசை கிடையாது. ஆனாலும் கூட வேலை செய்கிறவர்கள் அவரை மீசை என்றுதான் கூப்பிட்டார்கள். பூச்சிமருந்து அடிக்கிற ஆள், முதுகில் கேனை மாட்டினோமா, அடித்தோமா, வந்தோமா என்று இருக்க வேண்டியதுதானே. இவர் அப்படி இல்லை. "வீடெல்லாம் கரப்பான்" என்று யாராவது கூப்பிட்டால், ஒன்றைப் பிடித்துக் காட்டுங்கள் என்பார். காட்டினால், "முதல்ல மீசையப் பாருங்க" என்று ஆரம்பிப்பார். ஆரம்பித்தால் லேசில் விடமாட்டார்.

"தாவுது பாருங்க. அப்ப இது சுவர்க்கோழி. கரப்பான் ஓடும், தாவாது." அடுத்த வீட்டில், "இது வண்டு. நடுமுதுகுல நேரா ஒரு கோடு போகுதுல்ல, ரெண்டு இறக்கையும் சாத்தின கதவு மாதிரி அங்கதான் சேருது. கரப்பானுக்கு ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சிருக்கும்." கரப்பான் குஞ்சுதான் என்று நிம்மதியாக இருந்த ஒரு அம்மாளிடம், இல்லை மூட்டைப்பூச்சி என்று நிரூபித்து, அவர் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு வந்தவர் இவர். வண்டுக்கும் சுவர்க்கோழிக்கும் மருந்தே வேண்டாம், விளக்கை அணைத்தால் போதும் என்று சொல்லிவிட்டுத் திரும்புவார். முதலாளி பலமுறை தலையில் அடித்துக்கொண்டார். பூச்சி விஷயத்தில் இவருக்குப் பொய் சொல்ல வராது, என்ன செய்ய.

ஒப்பிட்டுக் காட்டுவதற்காக ஒரு கரப்பானை அவரே கூட வைத்திருந்தார், உயிரோடு. செத்த கரப்பானுக்கு மீசை ஒடிந்துவிடும், மீசை ஒடிந்தால் பாடம் நடத்த முடியாது. மூடியில் ஊசித் துளை போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஒரு ரொட்டித் துணுக்கு. ஒருநாள் ஒரு வீட்டில் டப்பா கவிழ்ந்து, வீட்டுக்காரர் கரப்பானும் இவர் கரப்பானும் கலந்துவிட்டன. எது யாருடையது என்று அரைமணி நேரம் வாக்குவாதம். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மனைவியின் வெள்ளை நகப்பூச்சை வாங்கி, தலையை மறைத்துக்கொண்டிருக்கும் ஓட்டின்மேல் ஒரு பொட்டு வைத்துவிட்டார். இல்லை, பொட்டு வைத்தது மனைவிதான். இவர் கரப்பானைப் பிடித்துக்கொண்டார். "உங்க ஆளு நல்லா இருக்காரு" என்று அவள் சிரித்தாள்.

அவள் ஒரு விடுதியின் சமையலறையில் பதினாலு வருஷம் காய் நறுக்கிவிட்டு, மூன்று மாதத்துக்கு முன்புதான் தலைமைச் சமையல்காரி ஆனவள். நூற்றி இருபது பேருக்குச் சாப்பாடு. மருந்தடிக்கிற புருஷன் தினம் மத்தியானம் அங்கேதான் வந்து, மாவு மூட்டைகள் அடுக்கிய அறையில் ஆணியில் பையை மாட்டிவிட்டு, மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்.

ஒரு வியாழக்கிழமை காலை அவளிடமிருந்து போன் வந்தது. "என்னங்க, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. ஆய்வாளர் வந்திருக்காரு." குரலே சரியில்லை.

ஓடினார். மேடைமேல் ஒரு கண்ணாடி டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது, உள்ளே ஒரு பூச்சி. சுற்றிலும் சுகாதார ஆய்வாளர், விடுதி மேலாளர், அவள். விஷயம் இதுதான். சமையலறையில் கரப்பான் அகப்பட்டால் மூடி சீல் வைக்க வேண்டும். சீல் வைத்தால் தலைமைச் சமையல்காரியை மாற்றிவிடுவதாக மேலாளர் கையோடு சொல்லிவிட்டார். வெளியிலிருந்து விளக்குக்கு வந்த வண்டு என்றால் ஒன்றுமில்லை, தட்டிவிட்டுப் போகலாம்.

"எனக்கு வண்டுன்னுதான் படுது" என்றார் ஆய்வாளர். நல்ல மனுஷன், அவருக்கும் சீக்கிரம் கிளம்ப வேண்டும். "வெள்ளைப் புள்ளி இருக்கு பாருங்க. கரப்பானுக்கு ஏது புள்ளி? நீங்க இந்தத் தொழில்ல இருக்கிறவரு, ஒரு வார்த்தை சொன்னா எழுதிட்டுப் போயிடுவேன்."

குனிந்து டம்ளருக்குள் பார்த்த மீசை அந்தப் பொட்டை அடையாளம் கண்டுகொண்டார். முந்தின நாள் பையிலிருந்த டப்பாவின் மூடி சரியாக அமுங்கவில்லை போலிருக்கிறது. அந்தப் பக்கம் நின்ற மனைவி கண் இமைக்காமல் இவரையே பார்த்தாள். வண்டு. மூன்றே எழுத்து. பதினாலு வருஷம் வெங்காயத்தில் அழுதவளுக்காக மூன்று எழுத்து சொல்ல முடியாதா?

வாயைத் திறந்தார். வாய் அதன் பாட்டுக்குப் போனது.

"மீசையப் பாருங்க சார், உடம்பு நீளத்துக்கு இருக்கு. வண்டுக்கு இவ்வளவு வராது. உடம்பு தட்டை, கால்ல முள்ளு முள்ளா இருக்கு, இறக்கை ஒண்ணு மேல ஒண்ணு. கரப்பான்தான் சார்."

மேலாளர் பெருமூச்சு விட்டார். ஆய்வாளர் பேனாவைத் திறந்தபடி, "அப்ப அந்தப் புள்ளி?" என்றார்.

"அது என் வீட்டுக்காரி நகப்பூச்சு. கரப்பான் என்னுது சார்."

பையிலிருந்து காலி டப்பாவை எடுத்துக் காட்டினார். ஆய்வாளர் டப்பாவைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், பிறகு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு சமையலறை முழுக்கத் துழாவினார். மேடை அடி, சாக்கடை மூடி, மூட்டை இடுக்கு. ஒரு எச்சம் இல்லை, ஒரு முட்டைக்கூடு இல்லை. "இந்த இடத்துக்குன்னு சொந்தமா ஒரு கரப்பான்கூட இல்லையே" என்று அங்கலாய்த்துக்கொண்டே படிவத்தைப் புரட்டினார். சொந்தக்காரர் உள்ள கரப்பானுக்கு அதில் இடமே இல்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: சமையலறைக்குள் வளர்ப்புப் பிராணி நுழைதல், முதல் முறை, எச்சரிக்கை மட்டும்.

"வளர்க்கிறீங்கதானே?"

"ரெண்டு வருஷமா சார்."

எழுதிக்கொண்டார். உரிமையாளர் என்ற இடத்தில் மீசை கையெழுத்து போட்டார். சாயங்காலமே மேலாளர் கதவில் காகிதம் ஒட்டிவிட்டார்: வளர்ப்புப் பிராணிகளுக்கும் அவற்றின் உரிமையாளருக்கும் அனுமதி இல்லை.

மறுநாள் மத்தியானம் மீசை பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். அவள் இரண்டு தட்டோடு வந்து, ஒன்றை இவர் பக்கம் நகர்த்திவிட்டு, சாப்பிட ஆரம்பித்தாள். வேலை பிழைத்தது அவளுக்குச் சந்தோஷம்தான். மனசு மட்டும் ஆறவில்லை.

"வண்டுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"மீசை நீளமா இருந்துச்சே" என்றார் பரிதாபமாக. பிறகு, "ஆய்வாளர் வர்றதுக்குள்ள நீயாவது அடிச்சுப் போட்டிருக்கலாம். உன் கண்ணுல படாமலா ஆய்வாளர் கண்ணுல பட்டுச்சு?" என்றார்.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அவரு வர்றதுக்கு அரைமணி முந்தியே பார்த்துட்டேன். செருப்ப ஓங்கிட்டேன். அப்பதான் பொட்டு தெரிஞ்சுது. உங்க ஆளாச்சேன்னு விட்டுட்டேன்."