அக்கா மறைத்ததும் எழுதச் சொன்னதும்

குரும்பலூரில் பிறந்து, எறையூரில் வாழ்க்கைப்பட்டு, கரும்புக் கொல்லையில் உழைத்து இரண்டு பெண்களை ஆளாக்கிய எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவர் மறைத்ததை இங்கே எழுதுகிறேன். எழுதச் சொன்னவரே அவர்தான்.

மார்பில் கட்டி தெரிந்தும் எட்டு மாதம் வாய் திறக்கவில்லை. கடைசியில் திருச்சியில் இடது மார்பை முழுதாக எடுத்தார்கள். ஊரில் வயிற்று ஆபரேஷன் என்றோம். அதன்பின் அக்கா சாவைவிட ஒன்றுக்கு அதிகம் பயந்தார்.

"செத்தா குளிப்பாட்ட பங்காளி வூட்டுப் பொம்பளைங்க வருவாங்களேடி. பாத்துடுவாங்க. அப்பறம் என் பொண்ணுங்களை எவன் கட்டுவான்?"

டாக்டரிடம் நான்தான் கேட்டேன். வயிற்றுக் கொழுப்பையும் தோலையும் தசையோடு மேலே கொண்டுவந்து மார்பு போலத் தைக்கும் முறை புதிதாக வந்திருக்கிறது, மெட்ராஸ் போகவேண்டும் என்றார். அக்காவின் வயிற்றைக் கிள்ளிப் பார்த்தார்.

"இதுல கொழுப்பே இல்லையேம்மா. சதை போட்டுட்டு வாங்க. ஆனா வச்ச சதை அழுகியும் போகலாம்."

ஆனாலும் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் வெல்லமுமாக ஊட்டினேன். தினமும் அக்கா வயிற்றைப் பிடித்துக் காட்டுவார்: "இந்தா, போதுமா பாரு." ஊர்ப் பெண்கள், "இந்த வயசுல முழுகாம இருக்கியா?" என்று கேலி செய்தார்கள். அங்கே சிரித்துவிட்டு வீட்டுக்குள் வந்து அழுவார்.

மெட்ராஸ் கிளம்பவிருந்த வாரம் இருமல் வந்தது. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. இனி ஆபரேஷன் இல்லை என்றார்கள். ஏற்றிய சதையெல்லாம் இரண்டே மாதத்தில் வற்றியது.

"மறைச்சுத்தான்டி கெட்டேன். நான் போனப்பறம் எழுதிப் போடு. கட்டின்னா நம்ம பொம்பளைங்க ஓடிப்போய்க் காட்டட்டும்" என்றார். சொன்ன கையோடு, "குளிப்பாட்டறப்ப மட்டும் யாரையும் விடாதே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா இறந்த அன்று பங்காளி வீட்டுப் பெண்கள் நால்வர் குடத்தோடு வந்தார்கள். நான் வாசலை மறித்து நின்றேன். அக்காவின் மூத்த ஓரகத்தி என் தோளைத் தொட்டார்.

"எங்களுக்கு எப்பவோ தெரியும்மா. நீயே குளிப்பாட்டு. நாங்க திரும்பி நிக்கிறோம்."

நால்வரும் புடவையை மறைப்பாகப் பிடித்து, வெளியே பார்த்து நின்றார்கள். குடத்தைப் பின்பக்கமாகவே நீட்டினார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

மருத்துவம் பார்த்தவர்களுக்கும், துக்கத்தில் உடனிருந்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. அந்த நால்வரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

போன வாரம் என் வலது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பயமாக இருக்கிறது. அந்த ஓரகத்தியிடம் சொல்லிவிட்டேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் திருச்சிக்கு அவரும் என்னுடன் வருகிறார்.

— தங்கை