உள்சுவருக்கு நீலம்

மார்கழி மழை விட்டும் எங்கள் புது வீட்டுச் சுவரில் ஈரம் காயவில்லை. சொந்தக் காணியில் எழும்பிய முதல் வீடு. பெயின்ட் அடிக்க வந்த பாஸ் வண்ண அட்டையை அம்மாவிடம் நீட்டினார்.

"வெள்ளை அடிங்கம்மா, வீடு பெருசா தெரியும்."

அந்த ஈரச் சுவரின் வாடை என்னை நாங்கள் முன்பு இருந்த றக்வான தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு இழுத்துப் போனது. பொங்கலுக்கு முன் தோட்டம் சுண்ணாம்பு கொடுக்கும். லயத்தில் வரிசையாக இருந்த ஒற்றை அறைகள், எல்லாக் காம்பராவுக்கும் ஒரே வெள்ளை. ஒரு வருடம் அம்மா, வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தை வாளிச் சுண்ணாம்பில் தாராளமாகக் கரைத்து எங்கள் காம்பராவின் உள்சுவரில் அடித்துவிட்டாள். குளிரில் அது காயவேயில்லை. அடுப்பை அணைய விடாமல் எரித்தோம். புகையில் கண் எரிந்தது.

பார்க்க வந்த கணக்கப்பிள்ளை வாசலிலேயே கத்தினார்.

"லயம் தோட்டத்துச் சொத்து. வெள்ளைய அடி!"

அம்மா சுண்ணாம்பு அடிக்கும் தும்பு மட்டையைக் கீழே வைக்கவில்லை.

"வெளிச்செவரு தோட்டத்துதுங்க ஐயா. உள்ள படுத்து எந்திரிக்கிறது நாங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். அடுத்த பொங்கலுக்கு லயத்தில் பாதிக் காம்பராக்கள் உள்ளே நீலம்.

பாஸ் இன்னும் அட்டையோடு நின்றார். உள்சுவருக்கு என்று அம்மா அதிலிருந்த அடர்நீலத்தில் விரலை வைத்தாள்.

"சரிம்மா. அப்ப வெளியில வெள்ளை அடிப்போமா?"

"வெளிச்செவரும் இப்ப நம்மளோடதுதானே பாஸ்," என்றாள் அம்மா. "அதுக்கும் நீலமே அடிங்க."