ஆபெலின் மணி

லண்டனில் எங்கள் தெருவில் ரொட்டி விற்ற ஆபெல் டக்கெட்டைப் பற்றி யாரும் ஒரு வரிகூட எழுதப் போவதில்லை. நானே சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் தொண்டையில் புண் வந்து குரல் போனவன். பேசினால் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் கேட்கும். தலையில் கம்பளி போர்த்திய சுடுரொட்டித் தட்டு, கையில் பித்தளை மணி. மணி கேட்டதும் வேலைக்காரப் பெண்கள் வாசலுக்கு ஓடுவார்கள். அதை வைத்துத்தான் அவன் பிழைப்பு.

நான் சமைத்த விடுதியின் மாடியில் ஹார்க்னஸ் என்றொரு தத்துவஞானி குடியிருந்தார். விலங்குகளைப் போலவே மனிதரிலும் தக்கவர்தான் தங்குவார், விழுகிறவரைத் தூக்கிவிடுவது சமூகத்துக்குக் கேடு என்று தடித்தடியாகப் புத்தகம் எழுதியவர். ஆட்டுக்கறி குழைய வேகாவிட்டால் அவருக்குச் செரிக்காது. கதவு சாத்தினாலே தலைவலி. ஆபெலின் ரொட்டி மட்டும் வெண்ணெயோடு இரண்டு உள்ளே போகும். மணிதான் ஆகாது. புகார் கொடுத்தார், போலீஸ்காரன் மணியைப் பிடுங்கிக்கொண்டு போனான்.

ஐயாவிடம் சொல்லி அதைத் திரும்ப வாங்கித் தரும்படி ஆபெல் என்னிடம் கெஞ்சினான். தேநீர் கொண்டுபோனபோது கேட்டேன். ஐயா தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தக்கவன்னா மணி இல்லாமலும் விப்பான். இல்லாட்டி விழட்டும். நீ இரக்கப்பட்டு அவனைக் கெடுக்காத, டார்கஸ்."

வாயில் மென்றது ஆபெலின் ரொட்டி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழே போய், சொன்னதை அப்படியே ஆபெலிடம் சொன்னேன்.

மணி கேட்காததால் யாரும் வாசலுக்கு வரவில்லை. ரொட்டி ஆறிப்போய்த் தட்டோடு திரும்பியது. குளிர்காலம் முடிவதற்குள் ஆபெல் ஏழைகள் விடுதியில் கல்லுடைத்துக் கூழ் குடித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வருஷம் ஐயாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. பெரிய மனிதர்கள் படுத்துவிட்டால், வண்டிச் சத்தம் அடங்க வீட்டுமுன் தெருவில் வைக்கோல் பரப்புவது எங்கள் ஊர் வழக்கம். பரப்புவதற்கு ஏழைகள் விடுதி ஆட்களை அனுப்பினார்கள். ஆபெலும் வந்தான். இருமிக்கொண்டே என் அருகில் நின்றான்.

"உங்க ஐயா தக்கவருதானேக்கா? அப்புறம் எதுக்கு இந்த வைக்கோலு?"

அவன் சிரித்துவிட்டு, ஐயாவின் சன்னலுக்கு நேரே இன்னொரு கை கூடுதலாகவே போட்டான்.

ஐயா பிழைத்துக்கொண்டார். ஆபெல் அந்த மாதமே ஏழைகள் விடுதியில் செத்துப்போனான். விடுதிப் பிணத்துக்கு மாதா கோயில் மணி அடிக்க மாட்டார்கள். அவனைப் புதைத்த அன்று எங்கள் தெருவில் ஒரு சத்தமும் இல்லை. ஐயா நன்றாகத் தூங்கினார்.